ஒரு புள்ளியால் இடம்பெயர்ந்த ஊர்கள்

இரண்டு வாரங்களுக்கு முன் என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து பதினொரு பக்கங்களை நீக்கினேன். ஓராண்டு உழைத்து எழுதியவை. அவற்றை வீழ்த்தியது மாற்றுக் கோட்பாடு எதுவும் அன்று; ஒரு புள்ளி. களப்பணிக்குச் செல்லவிருக்கும் இளைய ஆய்வாளர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதனை இங்கே எழுதுகிறேன்.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் பேசப்படும் குவி, தமிழோடு உறவுடைய ஒரு திராவிட மொழி. அதன் வட்டார வேறுபாடுகளை வரைபடத்தில் குறிப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. முதற் பயணத்தில் 14 ஊர்களுக்குச் சென்றேன். கையிலிருந்த பழைய ஜி.பி.எஸ். கருவி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பாகை, கலை, விகலை எனப் பிரித்துக் காட்டியது. இரண்டாம் பயணத்தில் 27 ஊர்கள். அப்போது கைப்பேசியைப் பயன்படுத்தினேன். அது பாகையைத் தசம எண்ணாகவே தந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்து வரைபடம் வரைந்தேன்.

படத்தில் ஒரு வியப்பு காத்திருந்தது. முதற் பயணத்து ஊர்கள் தென்மேற்கில் ஒரு தீவுபோல் நின்றன. அவர்கள் வழங்கும் ஒரு வினைவிகுதி சுற்றியிருந்த ஊர்களில் இல்லை. தொலைவில், வடகிழக்கில் இருந்தது. அம்மக்களின் முன்னோர் வடகிழக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதினேன். நெறியாளரும் அதனை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாம் பயணத்தில் அப்படத்தை, எனக்கு உதவிய பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு இப்புறமுள்ள தம் ஊர் படத்தில் அப்புறம் இருப்பதைச் சுட்டினார். “எங்கள் பாட்டனார் எப்போது ஆற்றைக் கடந்தார்?” என்று சிரித்தபடி கேட்டார். என்னால் சிரிக்க இயலவில்லை.

அன்றிரவு அட்டவணையைத் திறந்தேன். முதல் 14 ஊர்களின் எண்களில், தசமப் புள்ளியை அடுத்து 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்கள் ஓரிடத்திலும் இல்லை. ஓர் ஒலி மொழிமுதலில் வருவதே இல்லை என்றால் அதற்குக் காரணம் தேடுவது மொழியியல் மாணவரின் முதற் பாடம். அப்பாடத்தை என் எண்களுக்கு நான் பொருத்திப் பார்க்கவில்லை. கலை 59-ஐத் தாண்டாது. ஆகவே அந்த எண்கள் தசமங்கள் அல்ல, தசம வேடமிட்ட கலைகள்.

கோராபுட் நகரையே எடுத்துக்கொள்வோம். அதன் அட்சரேகை 18 பாகை 48 கலை 36 விகலை. கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 18.81 பாகை. சயின்டிஃபிக் கால்குலேட்டரில் இதற்கென்றே பாகைக் குறி பொறித்த ஒரு பொத்தான் உண்டு. 18, 48, 36 ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் அதனை அழுத்திச் சமக்குறியைத் தட்டி, மீண்டும் அதே பொத்தானை அழுத்தினால் 18.81 வந்துவிடும். இன்னொரு முறை அழுத்தினால் பழைய வடிவம் திரும்பும். நானோ குறிப்பேட்டில் 18.48.36 என எழுதியிருந்தேன். அட்டவணை இரண்டாம் புள்ளியை ஏற்காததால் அதனை நீக்கி 18.4836 ஆக்கினேன். தீர்க்கரேகையும் 82.71-க்குப் பதிலாக 82.4236 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால் நகரம் சுமார் 47 கிலோமீட்டர் தென்மேற்கே போய்விடுகிறது.

பிழை எப்போதும் தெற்கிலும் மேற்கிலுமே தள்ளும். நூறால் வகுத்தது அறுபதால் வகுத்ததைவிடச் சிறியதல்லவா? கலையின் அளவுக்கேற்ப ஒவ்வோர் ஊரும் வெவ்வேறு தொலைவு நகரும். ஆகவே படம் இயல்பாகவே தோன்றியது.

அப்புள்ளியை ஏன் வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நம் திருமண அழைப்பிதழ்களில் ‘காலை 7.30 மணி’ என்று அச்சிடுகிறோம். அது ஏழரை, ஏழும் பத்தில் மூன்றும் அன்று. ஒருவரும் மயங்குவதில்லை, ஏனெனில் அருகில் ‘மணி’ என்ற சொல் நிற்கிறது. அறுபதின் புள்ளியும் பத்தின் புள்ளியும் ஒரே வடிவில் எழுதப்படும் வேறு வேறு குறிகள். பலபொருள் ஒருசொல்லைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான். என் குறிப்பேட்டில் இருந்த பலபொருள் ஒருகுறியை அறியவில்லை.

எண்களைத் திருத்தியதும் 14 ஊர்களும் வடகிழக்கே தம் உறவினரிடம் சென்று சேர்ந்தன. தீவும் மறைந்தது, குடிபெயர்வும் மறைந்தது. என் மனத்தை உறுத்துவது நீக்கிய பக்கங்கள் அல்ல. தமக்கென எழுதப்பட்ட வரலாறு அதிகம் இல்லாத மக்களுக்கு, நடவாத ஒரு பயணத்தை நான் எழுதிக் கொடுத்திருப்பேன். நாளை யாரேனும் அதனை மேற்கோள் காட்டி, அவர்களை வந்தேறிகள் என்றும் சொல்லியிருக்கக்கூடும்.

ஆகவே, களம் செல்லும் நண்பர்களே, பாகை, கலை, விகலைக் குறிகளைச் சோம்பலின்றி எழுதுங்கள். தசமமாக மாற்றியபின் ஓர் ஊரையேனும் வரைபடத்தில் தேடிச் சரிபாருங்கள். முடிந்தால், எழுதி முடிக்கும் முன் அப்படத்தை அவ்வூராரிடம் காட்டுங்கள். திருத்திய படத்தின் முதற் படியை அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.