கைக்குட்டையை மேசையில் வையுங்கள்

“கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் இடத்தில் என்ன செய்வீர்கள்?” சமூகப் பதற்றத்துக்காக என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் ஆரம்பத்திலேயே இதைக் கேட்டுவிடுவேன். பேரையும் ஊரையும் நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டிய இடம் அது. கவரில் பேர் எழுதி மச்சான் கையில் கொடுத்துவிடுவேன் என்பார் ஒருவர். கூட்டம் கலையும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்பார் இன்னொருவர். பந்தியில் கை நடுங்குமே என்று சாப்பிடாமலே கிளம்புகிறவர்கள் உண்டு. பேருந்தில் ‘இறங்கணும்’ என்று குரல் கொடுக்கக் கூசி, அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவர்களும் உண்டு.

இந்தத் தந்திரங்களைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பயம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: உளறிவிடுவேன், வேர்த்துக் கொட்டும், பார்க்கிறவர்கள் கேவலமாக நினைப்பார்கள். அதை மறைக்கும் வழிதான் ஆளுக்கு ஆள் மாறும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவார் ஒருவர். பேசப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார் மற்றொருவர். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கைக்குட்டையை இறுகப் பிடித்துக்கொள்வது இருக்கிறதே, அது சர்வ சாதாரணம்.

1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சரியாக இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். மறைக்கும் முயற்சியே பயத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது என்றார்கள். எதிரே இருப்பவர்மேல் இருக்க வேண்டிய கவனம் தன்மேலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே படபடக்கிற அளவுக்கு வெளியிலும் தெரிவதாக மனம் நம்பிவிடுகிறது. ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பினாலும் ‘கைக்குட்டை இருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் அது கணக்கு எழுதும்.

அதனால் வெளியாள் ஒருவரை அழைத்து, சிகிச்சைக்கு வந்தவரை அவரோடு என் அறையிலேயே இரண்டு முறை பேச வைப்பேன். முதல் முறை வழக்கமான தந்திரங்களோடு. இரண்டாம் முறை கைக்குட்டை மேசையில் இருக்கும், ஒத்திகை கூடாது, எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டையும் சிகிச்சைக்கு வந்தவரின் சம்மதத்தோடு வீடியோ எடுப்பேன். அதைப் போட்டுக் காட்டும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ‘உங்கள் கை எப்படி நடுங்கியிருக்கும்? செய்து காட்டுங்கள்’ என்று கேட்பேன். கையைப் பலமாக ஆட்டிக் காட்டுவார். பிறகு, யாரோ ஒரு மூன்றாம் மனிதரைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். இந்த முன்வேலை இல்லாமல் வெறுமனே ஓடவிட்டால் பழைய பதற்றமே கிளம்பிவந்து கண்ணை மறைத்துவிடும். ஒழுங்காகச் செய்தால், நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை என்பதோடு இன்னொன்றும் பிடிபடும்: முதல் வீடியோவில், தந்திரங்களோடு உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் திமிர் பிடித்தவர்போலத் தெரிவார்.

நாம் நினைக்கும் அளவுக்கு மற்றவர்கள் நம்மைக் கவனிப்பதும் இல்லை. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட, போடவே கூசும் சட்டையைக் கல்லூரி மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் கூசினார்கள். கவனித்தவர்கள் அதில் பாதிதான்.

வீடியோ பார்த்து முடித்த பிறகு என் அறையை விட்டு வெளியே போக வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவது, டீக்கடையில் வேண்டுமென்றே கிளாஸைக் கொஞ்சம் ஆட்டிக் குடிப்பது. ஒரு நேரத்தில் ஒரு தந்திரத்தை மட்டும் விட்டால் போதும். பின்னாளில் பெரிய உளவியலாளராக ஆன ஆல்பர்ட் எல்லிஸ், 19 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்த சுமார் நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினாராம். சந்திக்க ஒப்புக்கொண்டவர் ஒருவர், அவரும் வரவில்லை. எல்லிஸின் கூச்சம் மட்டும் போய்விட்டது. அந்த வீட்டுப்பாடத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்; பூங்காவில் நிம்மதியாக உட்கார அந்தப் பெண்களுக்கும் உரிமை உண்டு.

மனநல மருத்துவர் தரும் மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் தைரியத்துக்கு என்று மது குடிப்பதுதான் தந்திரங்களிலேயே மோசமானது.

இந்தப் பதற்றம் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டு வாங்கும் பெண் பிள்ளைகளிடம் இது வெளியே தெரிவதே இல்லை. பெற்றோரே, விருந்தினர் முன்னால் ‘மாமாவுக்குப் பாடிக் காட்டு’ என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பதில் எல்லா இடத்திலும் நீங்களே பேசவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ தடுத்தால் சிகிச்சைக்கு வாருங்கள். போன் பேசவே பயப்படுகிறவர்களிடம் எண்ணைக் கொடுப்பது வேடிக்கைதான்; இருந்தாலும் அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் உங்களுக்காகக் கூப்பிடட்டும். அதுவும் ஒரு தந்திரம்தான்; முதல் தடவைக்கு மட்டும் அனுமதி உண்டு.