விட்பி: ஓரத்தில் எழுதப்பட்ட பாட்டு

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கடற்கரையில், எஸ்க் ஆறு வடகடலில் கலக்குமிடத்துக் குன்றின்மேல் நிற்கின்றது விட்பி மடாலயத்தின் இடிபாடு. ஊரிலிருந்து 199 கற்படிகள் ஏறிச் செல்ல வேண்டும். ஏறுவோரில் பலர் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை மனத்தில் கொண்டு வருபவர்கள். அந்நாவலின் சில முக்கிய நிகழ்ச்சிகள் இக்குன்றிலேயே நடக்கின்றன. அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் மொழியியல் பயின்றோர்க்கு இக்குன்று வேறொன்றைச் சொல்லும்.

இன்று கண்ணுக்குத் தெரியும் கூர்வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் 13ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் எழுந்தவை. 657இல் நார்த்தம்பிரிய மன்னன் ஒஸ்வியுவின் ஆதரவில் ஹில்டா என்னும் துறவி தலைமையேற்ற முதல் மடாலயத்தின் சுவடு எதுவும் தரைக்கு மேல் இல்லை. ஆண்களும் பெண்களும் ஒரே தலைவியின் கீழ் வாழ்ந்த இல்லம் அது. டேனியர் படையெடுப்புக் காலத்தில் கைவிடப்பட்டு, நார்மானியர் வந்தபின் மீண்டும் நிறுவப்பட்டு, 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மூடப்பட்டது. நடுக்கோபுரம் 1830இல் விழுந்தது. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுகளும் இதன்மீது பாய்ந்தன. ஊர்ப்பெயரும் மாறிவிட்டது: விட்பி என்பதன் ‘பி’ ஈறு நார்ஸ் மொழியில் குடியிருப்பைக் குறிப்பது. படையெடுத்து வந்தோரின் மொழியே பெயரில் தங்கிற்று.

664இல் இங்கே கூடிய திருச்சபை மன்றத்தைப் பாடநூல்கள் ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை பற்றிய வழக்காகச் சுருக்கிவிடும். அரசன் அயர்லாந்து மரபில் வளர்ந்தவன். அரசி ரோம மரபினள். அரசன் ஈஸ்டர் விருந்துண்ணும் நாளில் அரசி இன்னும் நோன்பிருக்க நேர்ந்ததும் உண்டு என்கிறார் வரலாற்றாசிரியர் பீட். ஆனால் அவர் தரும் குறிப்புகளைக் கூர்ந்து படித்தால், அது மொழிகளின் மன்றமுமாகும். ரோமத் தரப்பின் மூத்தவரான அகில்பர்ட் பிராங்க் நாட்டவர். மொழிபெயர்ப்பாளர் வழியே தாம் பேசுவதைவிட, தம் மாணவர் வில்ஃபிரிட் ஆங்கிலத்திலேயே தெளிவாகப் பேசுவார் என்று சொல்லி விலகிக்கொள்கிறார். அயர்லாந்துத் தரப்பில் பேசியவர் கொல்மன். ஹில்டாவும் அத்தரப்பே. இருபுறத்தார்க்கும் மொழிபெயர்த்தவர் செட் என்னும் ஆயர். தீர்ப்பு ரோமுக்குச் சாதகமாயிற்று. கொல்மன் தம் ஆட்களோடு நாட்டைவிட்டே வெளியேறினார். வென்றவரின் பேச்சையும் தோற்றவரின் பேச்சையும் பீட் லத்தீனில் விரிவாகத் தந்திருக்கிறார். செட் சொன்ன ஒரு சொல்கூட அதில் இல்லை. களப்பணிக் குறிப்பேடுகளில் மொழிபெயர்த்து உதவியவரின் பெயரையே எழுதாது விடும் நம் துறைக்கு இது புதிதன்று.

இதே மடாலயத்தில்தான் கேட்மன் இருந்தான். விருந்தில் யாழ் தன் பக்கம் வருவதைக் கண்டதும் பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்துபோய்விடும் மாடு மேய்ப்பவன். ஓரிரவு தொழுவத்தில் உறங்கும்போது கனவில் ஒருவர் பாடச் சொல்ல, படைப்பைப் பற்றிப் பாடினான். மறுநாள் ஹில்டா கற்றோரைக் கூட்டி அவனைச் சோதித்தார். பின் துறவியாகச் சேர்த்துக்கொண்டார். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எழுதப் படிக்கத் தெரியாதவனின் தாய்மொழிப் பாட்டுக்கு மடாலயத் தலைவி ஒருவர் அவை கூட்டினார் என்பதே கனவைவிட வியப்பானது.

731இல் நூலை முடித்த பீட், அப்பாட்டின் பொருளை மட்டும் லத்தீனில் தந்து, எந்தப் பாட்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழகு குன்றும் என்று எச்சரிக்கிறார். மூலத்தைத் தரவில்லை. ஒன்பது வரிகளே கொண்ட அந்த மூலம் பிழைத்தது படியெடுத்தோரால். கேம்பிரிட்ஜிலுள்ள மிகப் பழைய படி ஒன்றில் கடைசிப் பக்கத்திலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் படியில் பக்கத்தின் அடியிலும் நார்த்தம்பிரிய வழக்கில் அது எழுதப்பட்டுள்ளது. லத்தீனிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்கியதே இது என வாதிடுவோரும் உளர். அவ்வாறே ஆயினும், லத்தீன் போதாது என்று எண்ணிய ஒரு கை அங்கே இருந்திருக்கிறது.

இடிபாட்டுக்கு அருகே புனித மரியாள் ஆலயம். அதன் பிரசங்க மேடையில், காதுகேளாத போதகர் மனைவி ஒருவருக்காகப் பொருத்திய கேள்குழல்களை இன்றும் காணலாம். ஊர் அருங்காட்சியகத்திலுள்ள எலும்புச் சீப்பு ஒன்றைத் தவறவிடக் கூடாது. ரூனிக் எழுத்தில் ‘என் கடவுளே’ என்று லத்தீனில் தொடங்கி, அடுத்த சொல்லிலேயே ஆங்கிலத்துக்குத் தாவி, எல்லாம் வல்ல கடவுளின் உதவியை வேண்டுகிறது. உதவி வேண்டுவோரின் பெயர் முதல் ஒலிகளோடு உடைந்துபோயிற்று. மொழிக்கலப்பைப் பற்றிய ஒரு வகுப்புக்கு அந்தச் சீப்பே போதும்.

செட் நிறுவிய மடாலயம் தென்மேற்கே, மூர் நிலங்களைக் கடந்து, லாஸ்டிங்ஹம் என்னும் சிற்றூரில் இருந்தது. மன்றம் முடிந்த அதே 664இல் கொள்ளைநோயால் அவர் அங்கே இறந்தார். இன்று அவ்விடத்து ஆலயத்தின் கீழே, 1078 அளவில் விட்பியிலிருந்து வந்த துறவிகள் கட்டிய நிலவறை ஒன்றுள்ளது. குட்டையான தடித்த தூண்கள், குளிர், அரையிருள். விட்பியின் ஆரவாரத்துக்குப் பின் இங்கே குரல் தானாகத் தாழும்.

அங்கிருந்து மேற்கே கர்க்டேல் ஆலய வாயிலுக்கு மேல் ஒரு கற்கதிர்க் கடிகாரம். இடிந்து கிடந்த இவ்வாலயத்தை ஓர்ம் என்பவன் விலைக்கு வாங்கி, அடியிலிருந்து புதிதாய்க் கட்டுவித்தான் என்கிறது அதன் கல்வெட்டு. அரசன் எட்வர்டையும் பிரபு டோஸ்டிகையும் குறிப்பதால் காலம் 1055க்கும் 1065க்கும் இடைப்பட்டது. ஓர்ம், அவன் தந்தை கமல் இரண்டும் நார்ஸ் பெயர்கள். கல்வெட்டின் மொழி ஆங்கிலம். செய்தவனும் அதில் தன் பெயரைப் பொறித்துவிட்டான்: ஹவார்த்.