ஆரஞ்சு மரச் சதுக்கமும் அப்பா கேட்ட நாரத்தங்காயும்

1/
போன மார்ச் மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்பெயின் போயிட்டு வந்தேன். தங்கச்சி மாட்ரிட்ல வேலை பார்க்கிறா. லீவு, என்ஓசி, விசான்னு அலைஞ்சு ஒரு வழியா பத்து நாள் கிடைச்சுது. ஊர் சுத்தினதைப் பத்தி எழுதுங்க டாக்டர்னு நிறைய பேர் கேட்டீங்க. நான் எழுதப் போறது ஒரே ஒரு சதுக்கத்தைப் பத்தி. கொஞ்சம் நீளம்தான். வீட்ல இதய நோயோட பெரியவங்க இருக்காங்கன்னா கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

2/
ஊர் பேரு மர்பேயா. நம்ம ஆளுங்க எழுத்தைப் பார்த்து மார்பெல்லான்னு சொல்லுவாங்க. ஸ்பெயினோட தெற்குக் கடற்கரை. அந்தக் கரைக்கே 'கோஸ்தா தெல் சோல்'னு பேரு, அதாவது சூரியக் கரை. மாட்ரிட்ல இருந்து மாலகா வரைக்கும் அதிவேக ரயில். மர்பேயாவுக்கு ரயில் கிடையாது. மாலகாவுல இறங்கி பஸ் பிடிச்சா கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்.

3/
இது பெரிய பணக்காரங்க வந்து போற ஊர். பக்கத்துல புவெர்த்தோ பனுஸ்னு ஒரு படகுத்துறை இருக்கு. அங்க நிக்கிற படகு ஒண்ணோட விலைக்கு நம்ம ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியே கட்டலாம் போல. அம்மா அதை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "சரி, கோயில் குளம் ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டாங்க. அதனாலதான் பழைய ஊருக்குள்ள போனோம்.

4/
பழைய ஊர் முழுக்க வெள்ளையடிச்ச வீடுகள், சுவர்ல தொங்குற பூந்தொட்டிகள், கார் நுழைய முடியாத சந்துகள். சந்துக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும்போது சட்டுனு ஒரு இடத்துல வானம் திறக்குது. அதுதான் 'பிளாசா தே லோஸ் நரான்ஹோஸ்'. ஆரஞ்சு மரங்களின் சதுக்கம். பெரிய இடமெல்லாம் இல்ல. நம்ம ஊர் பள்ளிக்கூட மைதானத்தை விடச் சின்னது.

5/
இந்த ஊர் பல நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சியில இருந்துச்சு. 1485ல கத்தோலிக்க மன்னர்கள் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் நெருக்கமான அந்தச் சந்துகளுக்கு நடுவுல இடத்தைத் திறந்து இந்தச் சதுக்கத்தை அமைச்சாங்க. ஒரு பக்கம் 1568ல கட்டின நகராட்சிக் கட்டடம், ஒரு பக்கம் அரச அதிகாரி குடியிருந்த வீடு, ஒரு மூலையில சந்தியாகோ பேர்ல சின்ன தேவாலயம். ஊர்லயே பழைய தேவாலயம் அதுதான். நடுவுல கல் நீரூற்று, சுத்தி ஆரஞ்சு மரங்கள்.

6/
அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். உட்காரணும். ஆனா சதுக்கத்தோட நடுப்பகுதி முழுக்க ஹோட்டல்காரங்க மேஜை நாற்காலி. முதல்ல எனக்குக் கோபம்தான். ஊர்ப் பொதுச் சதுக்கத்துல உட்கார காசு குடுக்கணுமா? ஒரு காபி சொன்னோம். அதுக்கப்புறம் ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பல, பில்லைக் கூட நாங்களா கேட்டப்பதான் கொண்டு வந்தாங்க.

7/
மார்ச்சுல மரத்துல பழமும் இருக்கு, பூவும் வர ஆரம்பிச்சிருக்கு. கீழே ஒரு பழம் கிடந்துச்சு. அம்மா குனிஞ்சு எடுத்து, நகத்தால தோலைக் கீறி மோந்து பார்த்தாங்க.
"பாப்பா, இது ஆரஞ்சு இல்லடி. நாரத்தங்காய்."
"அம்மா, கீழே போடுங்க. கழுவாம..."
"மோந்து பாரு மொதல்ல."
மோந்து பார்த்தேன். எங்க வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்துச்சு. வெயில்ல காயுற உப்பு நாரத்தங்காய்.

8/
அம்மா சொன்னது பாதி சரி. ஸ்பெயினோட தெற்கு ஊர்கள்ல தெருவோரம் நிக்கிற மரங்கள் பெரும்பாலும் கசப்பு ஆரஞ்சு. சும்மா பறிச்சுத் தின்ன முடியாது, புளிப்பும் கசப்பும் பிடுங்கும். பிரிட்டிஷ்காரங்க ரொட்டிக்குத் தடவுற மார்மலேட் இந்தப் பழத்துலதான் செய்வாங்க. நாரத்தைக்கு இது நெருங்கின சொந்தம். அரபு மக்கள்தான் இதை ஸ்பெயினுக்குக் கொண்டு வந்தாங்க. நாம ஜூஸ் போடுற இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுல பரவினது பல நூறு வருஷம் கழிச்சுத்தான்.

9/
பேரும் சொந்தம்தான். ஸ்பானிஷ்ல ஆரஞ்சுப் பழம் 'நரான்ஹா'. அது அரபு 'நாரஞ்ச்'ல இருந்து வந்துச்சு, அரபுக்குப் பாரசீக 'நாரங்', அதுக்கும் முன்னாடி சம்ஸ்கிருத 'நாரங்க'. அந்தச் சொல்லோட வேர் திராவிட மொழியா இருக்கலாம்னு மொழியியல் ஆளுங்க பலர் கருதுறாங்க. நம்ம நாரத்தை, மலையாளத்து நாரங்ஙா எல்லாம் அந்தக் குடும்பம். இதை அம்மாகிட்ட சொன்னேன். "அதான் சொன்னேனே"ன்னாங்க. மொழியியல் முடிஞ்சுது.

10/
அம்மா நாக்குல ஒரு சொட்டு வைக்கப் போனாங்க. எனக்கு உடனே டாக்டர் புத்தி. கிரேப்ஃப்ரூட் மாதிரியே இந்தக் கசப்பு ஆரஞ்சுச் சாறும் குடல்ல ஒரு என்சைமை அடக்கும். ஃபெலோடிபின் மாதிரி சில பிபி மாத்திரைகள் ரத்தத்துல அளவுக்கு மேல ஏறிடும். அம்மா எடுக்கிறது அது இல்ல, ஒரு சொட்டால ஒண்ணும் ஆகவும் ஆகாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கல. "அம்மா, பிபி மாத்திரை..."ன்னு ஆரம்பிச்சேன்.

11/
அம்மா பழத்தை மேஜை மேல வெச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் நீரூற்றையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க:
"உங்க அப்பாவும் கேட்டாரு. கடைசி மாசம். கஞ்சிக்கு ஒரே ஒரு துண்டு நாரத்தங்காய் குடுன்னு. நீ கூடாதுன்னு சொல்லியிருந்த. நான் குடுக்கல. ஜாடியைத் தூக்கிப் பரண் மேல வெச்சுட்டேன். அவரு பார்த்துக்கிட்டே இருந்தாரு."

12/
அப்பாவுக்கு ஹார்ட் ஃபெய்லியர். இதயத் தசை தளர்ந்து, பம்ப் பண்ற சக்தி நாலுல ஒரு பங்கா குறைஞ்சிருந்துச்சு. உப்பு கூடினா உடம்புல நீர் தங்கும், கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். ராத்திரி மூச்சுத் திணறி ரெண்டு தடவை அட்மிட் ஆனவர். அதனால ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நிறுத்தினேன். அந்த நேரத்துல அது சரியான முடிவு. இப்பவும் என் நோயாளிகளுக்கு அதைத்தான் சொல்றேன்.

13/
ஆனா கடைசி மாசம் வேற. மருந்துக்குப் பலன் இல்லாம, திரும்ப அட்மிஷன் வேண்டாம்னு அவரே சொல்லி வீட்ல இருந்த மாசம். ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் கஞ்சிதான் இறங்கும். அதோட ஒரு நாரத்தங்காய்த் துண்டை நாக்குல தொட்டுக்கிட்டா என்ன ஆகியிருக்கும்? கண்டிப்பா சாகறதுக்குக் காரணமா இருந்திருக்காது. நிலைமை மாறினது எனக்குத் தெரியும். என் விதியை மட்டும் நான் மாத்தவே இல்ல. "இனிமே அவர் கேட்கிறதைக் குடுங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. மறுத்துச் சொல்ற பாவத்தை மட்டும் அம்மா தலையில ஏத்திட்டு நான் டியூட்டிக்குப் போயிட்டேன்.

14/
ரெண்டு வருஷமா அம்மா அதைத் தனியாச் சுமந்திருக்காங்க. ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியல. "தப்பு உங்க மேல இல்லம்மா, நான்தான் சொல்லியிருக்கணும்"னு சொன்னேன். அவங்க, "நீ அவரு நல்லதுக்குத்தானே சொன்ன"ன்னு என் கையைப் பிடிச்சாங்க. பக்கத்து மேஜையில யாரோ பிறந்தநாள் பாட்டு பாடிக்கிட்டு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இன்னொரு காபி சொன்னோம்.

15/
அப்புறம் எழுந்து மெல்ல நடந்தோம். சதுக்கத்துக்குப் பக்கத்துலயே 'பசான் ஆஸ்பத்திரி'ன்னு ஒரு பழைய கட்டடம். 16ஆம் நூற்றாண்டுல அலோன்சோ தே பசான்ங்கிறவர் ஏழைகளுக்காக விட்டுட்டுப் போன இடம். 1992ல இருந்து அது ஸ்பானிஷ் அச்சோவியங்களுக்கான மியூசியம். பிக்காசோ, மிரோ எல்லாம் உள்ளே இருக்காங்க. நான் ஓவியத்தை விட கூரையையும் சுவரையும்தான் அதிகம் பார்த்தேன். இங்கே எங்க கட்டில் போட்டிருப்பாங்கன்னு.

16/
அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில ஆன்டிபயாடிக் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. குடுக்க முடிஞ்சது படுக்க இடம், சூடா சாப்பாடு, பக்கத்துல ஒரு ஆள். 'ஹாஸ்பிடல்'ங்கிற சொல்லே விருந்தாளியைக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்துச்சு. இன்னிக்கு நம்ம கையில எவ்வளவோ மருந்து இருக்கு, அது பெரிய வரம். ஆனா அந்த மருந்தெல்லாம் தீர்ந்து போற இடத்துல நாமளும் அந்தப் பழைய வேலைக்குத்தான் திரும்பணும். நான் என் சொந்த அப்பாகிட்ட திரும்பல.

17/
இப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியது. தப்பா புரிஞ்சுக்காதீங்க, ஊறுகாய் சாப்பிடலாம்னு நான் சொல்லல. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி. ஹார்ட் ஃபெய்லியர் இருந்தா கவனம் இன்னும் அதிகம் வேணும். மூணு நாள்ல 2 கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுக்க முடியாம மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்க.

18/
அதே சமயம், பத்தியம் எவ்வளவு கடுமையா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னும் நினைக்காதீங்க. உப்பை ரொம்பக் கீழே, சோடியம் கணக்குல 1500 மில்லிகிராமுக்குள்ள கொண்டு வந்தா ஹார்ட் ஃபெய்லியர் நோயாளிகளுக்குப் பலன் கூடுமான்னு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2022ல வெளியாச்சு. மரணமோ, ஆஸ்பத்திரி அட்மிஷனோ அதனால குறையல. அளவா குறைங்க, உப்பே இல்லாம வதைக்காதீங்க.

19/
நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துடுச்சுன்னா உங்க டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க: "இனி இந்தப் பத்தியத்தால இவருக்கு என்ன நன்மை?" ஒண்ணும் இல்லன்னா, அதை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்க. முக்கியமா, சமைச்சுப் போடுறவங்க காதுல விழற மாதிரி. விழுங்க முடியாதவங்களுக்கு எதையும் திணிக்காதீங்க. ருசிக்கு நாக்குல தொட்டு வெச்சாலே போதும்.

20/
ஊருக்கு வந்ததுல இருந்து வார்டு ரவுண்ட்ஸ்ல, குணமாகாதுன்னு தெரிஞ்ச நோயாளிகள்கிட்ட ஒரு கேள்வி சேர்த்திருக்கேன். "என்ன சாப்பிடணும்னு ஆசையா இருக்கு?" பழைய சோறு, மீன் குழம்பு, ஒரு வாய் டீ. இதுக்கு மேல யாரும் கேட்டது இல்ல. அட்டெண்டரா இருக்கிற மனைவியோ மகளோ என் முகத்தைப் பார்ப்பாங்க. "குடுங்கம்மா, நான்தான் சொன்னேன்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போவேன்.

21/
அந்தப் பழத்தை அம்மா கொண்டு வரல. கிளம்பும்போது மரத்தடியிலயே வெச்சுட்டாங்க. அப்பா திதிக்கு இந்த வருஷம் படையல்ல சாதத்துக்குப் பக்கத்துல ஒரு துண்டு நாரத்தங்காய் வெச்சிருந்தாங்க. நான் ஒண்ணும் கேட்கல.

உங்க வீட்டுப் பெரியவங்க கேட்டு நீங்க குடுக்க முடியாமப் போனது ஏதாவது இருந்தா, மனசுல வெச்சுக்காம வீட்ல யார்கிட்டயாவது சொல்லிருங்க.