அம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்தில் ஓர் அறை வீட்டில் நாங்கள் இருக்கிறோம். பத்து வீட்டுக்கு ஒரு மலசலகூடம். 2011இல் வேலை தேடிக் கிளிநொச்சியிலிருந்து வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்தேன். இப்போது அவருக்கு 78 வயது.

கடந்த வருடம் ஒருநாள் விடியப்புறம் அம்மா எழும்பித் தன் சேலைகளைப் பைக்குள் அடைந்துகொண்டிருந்தார். "கெதியா வெளிக்கிடு பிள்ளை, செல் கிட்ட விழுது" என்றார். போரில் இறந்த அண்ணாவைத் தேடினார். வயதும் பட்ட துன்பமும் மூளையைக் குழப்பிவிட்டன என்று நினைத்து அழுதேன். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சலத்தில் கிருமி, உடம்பில் நீரும் வற்றியிருந்தது. வயதானவர்களுக்கு இப்படியான கிருமித் தொற்று வந்தால், வேறு அறிகுறி தெரியுமுன்பே திடீரெனப் புத்தி தடுமாறலாம் என்று டொக்டர் விளக்கினார். வயது போகத் தாகமும் குறைவாகத்தான் தெரியுமாம். மருந்து ஏற்றிய சில நாட்களில் அம்மா தெளிந்துவிட்டார்.

அதுவரை எல்லாக் கேள்விக்கும் நானே சிங்களத்தில் பதில் சொன்னேன். தமிழ் தெரிந்த ஒரு தாதி மட்டும் அம்மாவின் பக்கத்தில் இருந்து, "ஏன் அம்மா தண்ணி குடிக்கிறேல்லை?" என்று கேட்டார்.

"குடிச்சா ராவிலை கக்கூசுக்குப் போகவேணும். இருட்டு, படி வழுக்கும். பிள்ளை வேலைக்குப் போட்டு வந்து படுக்கிறவள், எழுப்பக்கூடாது. முகாமிலை வரிசையிலை நிண்டு அடக்கிப் பழகினதுதானே" என்றார் அம்மா.

2009இல் மெனிக் முகாமில் அந்த வரிசையில் நானும் நின்றவள்தான். இத்தனை வருடமாக அம்மா அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தச்சுவேலை செய்யும் ஒருவரைப் பிடித்துப் பழைய கதிரையின் நடுவில் துளை வெட்டுவித்தேன். கீழே மூடியுள்ள வாளி, சுற்றிவர ஒரு பழைய சேலைத் திரை. இரவில் அம்மாவுக்கு அது போதும். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சிக்கும் எதிர் வீட்டு முஸ்லிம் உம்மாவுக்கும் இதே கஷ்டம்தான் என்று பிறகு தெரியவந்தது. எல்லா வீட்டாரும் காசு சேர்த்து, படிக்கு ஒரு கைபிடியும் மலசலகூட வாசலுக்கு ஒரு மின்குமிழும் போட்டோம்.

எங்கள் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பெற்றோரை வேண்டுமென்றே கவனியாமல் விடக்கூடாது என்று அது பிள்ளைகளுக்குச் சொல்கிறது. தம்மைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயதானவர்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு முதியவர் திடீரெனத் தடுமாறினால், "வயது போயிட்டுது, போர் செய்த வேலை" என்று என்னைப் போல் இருந்துவிடாதீர்கள். உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நீர் குறைத்துக் குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிராவிட்டால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

இப்போது பின்னேரத் தேத்தண்ணியை அம்மா மிச்சம் விடாமல் குடிக்கிறார்.