அரசும் ஊரும்: காங்கேசன்துறை தரும் சில சிந்தனைகள்

அரசு என்பது சமூகத்துக்கு மேலே நின்று அதனை ஆளும் தனிப்பெரு நிறுவனமா, அன்றிச் சமூகத்தினுள் இயங்கும் பல நிறுவனங்களுள் ஒன்றா என்னும் வினா அரசறிவியலாளரால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். குடும்பம், குடிமைச் சமூகம், அரசு என மூன்றாக வகுத்து, முன்னைய இரண்டும் அரசிலேயே நிறைவு பெறுகின்றன என்றார் ஹெகல். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஹரோல்ட் லாஸ்கி இக்கருத்தை மறுத்தார். தொழிற்சங்கம், திருச்சபை முதலியன போன்று அரசும் ஓர் அமைப்பே. மனிதனது பற்று முழுவதையும் அது தனக்கெனக் கோர இயலாது என்பது அவர் வாதம். இவ்விவாதம் ஐரோப்பியச் சூழலில் எழுந்ததாயினும் அதன் உண்மையைச் சோதித்தறிவதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே அமைந்த காங்கேசன்துறையின் வரலாறே அதற்குப் போதிய சான்றாகும்.

இவ்வூரின் பெயரே கோயிலொன்றோடு தொடர்புடையது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கென எடுத்துவரப்பட்ட காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் காங்கேசன்துறை எனப்பட்டது என்பது ஐதீகம். பெயரை வழங்கியது கோயிலெனின், நவீன நகரின் உருவத்தை வழங்கியது அரசு எனலாம். 1902-ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905-இல் அப்பாதை தெற்கோடு இணைந்தது. சுதந்திரத்தின் பின்னர், ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய காலத்தில், 1950-இல் இங்குச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல்லும், மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் இங்கே சீமெந்தாயின. அரசு உத்தியோகம் தேடிக் கொழும்பு சென்ற தலைமுறைக்கு எதிராக, சொந்த ஊரிலேயே மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர் கூட்டமொன்று உருவாயிற்று. இவ்வளவு பெரிய முதலீட்டைக் கோயிலோ, சங்கமோ, தனியாரோ அக்காலத்தில் செய்திருத்தல் அரிது.

ஆயின், மக்களின் அன்றாட வாழ்வு அரசின் கையில் மாத்திரம் இருக்கவில்லை. கல்வியை நோக்குமிடத்து இது தெளிவாகும். அயலூரான தெல்லிப்பழையில் 1816-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் பாடசாலை தொடங்கினர்; அதுவே இன்றைய யூனியன் கல்லூரி. 1910-இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். 1923-இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் குடாநாடெங்கும் பாடசாலைகளை நடத்தியது. நோயுற்றோருக்கென மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. பத்திரிகை வாசிப்பதற்குச் சனசமூக நிலையம், மரண வீட்டுச் செலவுக்கு மரண சகாய நிதிச் சங்கம், கடற்கரையில் மீனவர் சங்கம் எனப் பிறப்பிலிருந்து இறப்புவரை ஊராரைத் தாங்கிநின்றவை அரசு சாரா நிறுவனங்களே.

இவ்விரு வகையினவும் நீரும் எண்ணெயும் போலப் பிரிந்து நின்றன என்று கொள்ளுதல் தவறாகும். ஊர் வழக்காக இருந்த தேசவழமை, ஒல்லாந்தராட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையால் தொகுக்கப்பட்டு, 1707-இல் சட்டமாயிற்று. வழக்கம் சட்டமாகியதும், எந்த வழக்கம் யாருடைய வழக்கம் என்பதை முதலிமார் பன்னிருவரின் ஒப்புதலே தீர்மானித்தது. கூட்டுறவுச் சங்கங்கள் மக்களுடையனவாயினும், 1911-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே அவற்றுக்குச் சட்ட உருவம் அளித்தது. சைவ, கிறிஸ்தவ சபைகள் நடத்திய உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை 1960-ஆம் ஆண்டின் பின்னர் அரசு பொறுப்பேற்றது. அரசு ஊருக்குள்ளும் ஊர் அரசுக்குள்ளும் புகுந்தே வந்துள்ளன. எனவே இரண்டில் எது சிறந்தது என வினவுவதிலும், ஒன்று தவறிழைக்கையில் மற்றது என் செய்தது என வினவுவதே பயனுடையதாகும். காங்கேசன்துறைப் பகுதியில் அடைபட்ட இரு வாயில்கள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

முதலாவது வாயில் கோயிலுடையது. கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் பிற பொது இடங்களிலும் ஒருவரைச் சாதி காரணமாகத் தடுத்தலைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பத்தாண்டுகள் கழிந்தும் குடாநாட்டின் பல கோயில் வாயில்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கப்படவில்லை. கொழும்பிலே இயற்றப்பட்ட சட்டம் கோயில் வீதியை அடையும் முன்னரே களைத்துவிட்டது எனலாம். 1966 ஒக்ரோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே அச்சட்டத்துக்கு உயிரூட்டின. 1968-ஆம் ஆண்டு மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் திருவிழாவின்போது ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாயிலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களை எதிர்த்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் முதலாவது அமைச்சரவையில் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் என்பது சிந்தனைக்குரியது. கல்வியும் பதவியும் தாமாகவே சமத்துவத்தைக் கற்பித்துவிடுவதில்லை.

சுந்தரலிங்கம்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் வரை சென்றது. 1971-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அவ்வழக்கு ‘சுந்தரலிங்கம் எதிர் காங்கேசன்துறைப் பொலிஸ் பரிசோதகர்’ எனப் பதிவாகியுள்ளது. இத்தலைப்பினுள் ஒரு சமூகவியற் பாடமே அடங்கியுள்ளது. கோயிலுக்குள் செல்ல விழைந்த ஏழைத் தொழிலாளியின் பெயர் அதில் இல்லை. ஆயினும் அவன் தனித்து எதிர்க்க இயலாத ஒருவரை, அவனுக்காக அரசின் சிற்றதிகாரி ஒருவர் எதிர்த்து நின்றார். ஊர் தனக்கு மறுத்த நீதியை ஊருக்கு வெளியேயிருந்த அதிகாரத்திடம் ஒருவன் கோர முடிந்தது. அதே ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு மேலும் வலுவூட்டப்பட்டது. 1924-இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டமும் 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் விடுத்த ஆலயப் பிரவேசப் பிரகடனமும் இத்தகைய தொடர்பையே காட்டுகின்றன. இயக்கமின்றிச் சட்டம் அசைவதில்லை. சட்டமின்றி இயக்கத்தின் வெற்றி நிலைப்பதில்லை.

இதனைக் கொண்டு அரசே நீதியின் இருப்பிடம் எனத் துணிவோமாயின், இரண்டாவது வாயில் அத்துணிபைத் தகர்த்துவிடுகின்றது. அதற்கான முன்னறிகுறி எழுபதுகளிலேயே தென்பட்டது. புதிய குடியரசு அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972 ஒக்ரோபரில் பதவி துறந்தார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு மேலாக ஒரு தொகுதி மக்கள் பாராளுமன்றத்தில் குரலின்றி இருந்தனர். 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். புகையிரதம் நின்றது; சீமெந்து ஆலை மூடப்பட்டது; அது மீண்டும் இயங்கவேயில்லை. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நாற்பது ஆண்டுகளாக வேலை கொடுத்த அதே அரசு, ஊரவரைத் தம் ஊர் எல்லையில் தடுத்து நிறுத்தியது. 1968-இல் வழக்கத்தின் பெயரால் அடைபட்டது கோயில் வாயில். 1990-இல் பாதுகாப்பின் பெயரால் அடைபட்டது ஊர் வாயில்.

இடம்பெயர்ந்த மக்களைத் தாங்கியவை எவை? உறவினர் வீட்டு விறாந்தைகள், கோயில் மடங்கள், பாடசாலைக் கட்டடங்கள், பின்னர் மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களில் அமைந்த நலன்புரி நிலையங்கள் ஆகியனவே. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் கட்டடத்தை இழந்தும் பெயரையும் மாணவரையும் இழக்காது இரவல் இடங்களில் இயங்கியது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயில், சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியின் தலைமையில், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்துக் காத்தது. ஒரு காலத்தில் சாதியின் பெயரால் மனிதரைத் தள்ளிவைத்த கோயில் என்னும் நிறுவனமே பிறிதொரு காலத்தில் திக்கற்றோரின் புகலிடமாகவும் அமைந்தது. அக்காலத்திலும் அரசு முற்றாக விலகிவிடவில்லை என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த 1990 முதல் 1995 வரையான காலத்திலும் ஆசிரியருக்குச் சம்பளமும் மக்களுக்கு நிவாரண உணவும் அரசாங்க அதிபர் வழியாகவே வந்தன. குண்டு வீசியதும் அரசு. அரிசி அனுப்பியதும் அரசு. அரசு என்பது ஒரே உள்ளம் கொண்ட ஆளன்று. பல கைகளையுடைய இயந்திரம் என்பது இதனாற் புலனாகும்.

அரசு சாரா அமைப்புகளைப் புனிதமாக்கிவிடுதலும் பொருந்தாது. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. மக்களுக்கு நிழல் தந்த எந்தவொரு சங்கமும் அதனைத் தடுத்து நிறுத்த வலிமை பெற்றிருக்கவில்லை. ஆயுதம் தாங்கிய அமைப்பொன்று, கேள்வி கேட்பாரின்றி ஆளத் தொடங்குமாயின், அரசின் குறைகள் அனைத்தையும் அது பெற்றுவிடுகின்றது. அரசிடம் முறையிடுவதற்கு உள்ள நீதிமன்றத்தை மாத்திரம் பெறுவதில்லை. நலன்புரி நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியோருள் பலர் காணியற்றோரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமாவர் என்பதும் கவனத்திற்குரியது. வெளிநாட்டில் உறவினர் உடையோர், நகரில் வீடு வாங்க வல்லோர் ஆகியோர் முகாமைவிட்டு விரைவில் நீங்கினர். உறவு என்னும் நிறுவனம் உறவு உடையோர்க்கே உதவுகின்றது.

2013-ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றை நாடினர். முகாம் மக்களின் அமைப்புகளும் கட்சிகளும் வீதியில் இறங்கின. அரசின் ஒரு கை பறித்ததை அரசின் மறு கையிடம் முறையிட்டு மீட்க முயன்ற இம்முறை, கோயில் வழக்கின் மறுபக்கம் போன்றது. முன்னர் ஊரின் அதிகாரத்துக்கு எதிராக அரசின் சட்டம் துணை நின்றது; இப்போது அரசின் அதிகாரத்துக்கு எதிராக ஊரவரின் கூட்டு முயற்சி நீதிமன்றத்தைத் துணைக்கு அழைத்தது. 2015-ஆம் ஆண்டிலிருந்து காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் கையளிக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. ஆயினும் காணி விடுவிப்பு முற்றுப்பெறவில்லை. பயணிகள் வந்திறங்கும் ஊரிலே தம் வளவை இன்னும் மிதிக்காத உரிமையாளர் உளர்.

இங்கு மற்றொரு குறையும் உண்டு. விடுவிக்கப்படும் காணி, உறுதி உடையோரிடமே செல்கின்றது. பிறர் வளவில் குடியிருந்த கூலித் தொழிலாளிக்கு, ஊர் திறக்கப்பட்ட பின்னரும் திரும்பிச் செல்ல ஓரிடம் இல்லை. அரசின் பதிவேடு அவனை அறியாது. ஊர் அவனை அறியும், ஆனால் அவனுக்கென ஒரு பரப்புக் காணி ஒதுக்கும் வழக்கம் ஊரிடம் இல்லை. இரு வகை நிறுவனங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலே அவன் நிற்கின்றான். மீள்குடியேற்றம் என்னும் சொல்லின் முழுப்பொருள், அவனுக்கும் ஒரு துண்டு நிலம் கிடைக்கும் நாளிலேயே நிறைவுறும். அதற்கு அரசின் நிதியும் வேண்டும்; கோயில்களும் காணியுடையோரும் தம் வெறுங்காணிகளில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, நிறுவனமொன்றின் தகைமையை அது அரசினதா மக்களினதா என்பதைக் கொண்டு அளவிடுதல் இயலாது. எந்த நிறுவனமும் ஒரு நாள் யாரோ ஒருவருக்கு எதிராகத் தன் வாயிலை அடைக்கவே செய்யும். அடைபட்டவன் தட்டுவதற்கு வேறொரு வாயில் அச்சமூகத்தில் உண்டா என்பதே உரைகல்லாகும். கோயில் அடைத்தபோது நீதிமன்றம் இருத்தல் வேண்டும். படை அடைத்தபோது சங்கம் இருத்தல் வேண்டும். இயக்கம் அடைத்தபோது அதனை மறுத்துரைக்கும் துணிவுடைய அயலவர் இருத்தல் வேண்டும். முதலிரண்டும் காங்கேசன்துறைப் பகுதியில் ஓரளவேனும் இருந்தன. மூன்றாவது 1990 ஒக்ரோபரில் இருக்கவில்லை. சனசமூக நிலையம் முதல் பல்கலைக்கழகம் வரை, அந்த மூன்றாவதை உருவாக்குவதே இன்றைய நிறுவனங்கள் அனைத்தினதும் தலையாய கடனாகும்.