பொதுத்தீர்வை

ஞானோபதேச வகுப்பில் நாங்கள் பாடமாக்கியவற்றுள் மனிதனின் நான்கு முடிவுகளும் அடங்கும்: சாவு, தீர்வை, மோட்சம், நரகம். மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலமும் இருந்தது. பூசை தவறிய ஞாயிறும் வெள்ளிக்கிழமை தின்ற இறைச்சித் துண்டும் எங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதே அந்த வயதுப் பயம். மறுவுலகம் எங்களுடைய பாவக் கணக்காகவே சொல்லித் தரப்பட்டது. பிறர் எங்களுக்குச் செய்வதற்கு யார் கணக்குக் கேட்பது என்ற கேள்விக்கு அந்தப் பாடத்தில் இடமிருக்கவில்லை.

1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தங்கியிருந்த, இடம்பெயர்ந்த சனங்கள்மேல் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்காகத் தண்டனை பெற்றவர் எவருமில்லை. வந்து சேர்ந்த நாடுகளில் நினைவுப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது எங்களுக்குக் கிடைக்கும் ஆறுதல், தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான். விட்டுவிடலாம். ஆனால் விட்ட வழக்கு அங்கே என்ன ஆகிறது என்பதை வேதாகமத்தில் தேடிப் பார்க்கவும் வேண்டும்.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் மோட்சமுமில்லை, நரகமுமில்லை. எபிரேயர் 'ஷியோல்' என்றதைத் தமிழ் வேதாகமம் பாதாளம் என்கிறது. நல்லவனும் கெட்டவனும் அரசனும் அடிமையும் போய்ச் சேரும் ஒரே இருட்டு அது. நீதிமானுக்குரிய கூலி இவ்வுலகிலேயே நீண்ட ஆயுளாக, பிள்ளைகளாக, நிலமாகக் கிடைத்துவிட வேண்டும். கிடைக்காதவன் ஏதோ பாவம் செய்திருக்கிறான் என்று யோபுவின் நண்பர்கள் வாதிட்டார்கள். 'செய்த வினை' என்று முடித்துவைக்க எங்களூரிலும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்தக் கணக்கு கி.மு. 167 அளவில் உடைந்தது. நான்காம் அந்தியோக்கு மன்னன் யூத சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தான். கடவுளின் சட்டத்தைக் கைவிட்டவர்கள் பிழைத்தார்கள், காத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் தன் ஏழு பிள்ளைகளும் வதைபட்டுச் சாவதைப் பார்க்கிறாள். அவர்களில் ஒருவன், வெட்டப்படப்போகும் தன் கைகளைக் கடவுள் திருப்பித் தருவார் என்று நம்புகிறான். அக்காலத்துத் தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரமும் மண்ணில் உறங்குவோர் சிலர் வாழ்வுக்கும் சிலர் வெட்கத்துக்கும் எழும்புவதைப் பேசுகிறது. உயிர்த்தெழுதல் பற்றிய நம்பிக்கை இவ்வளவு தெளிவாகப் பேசத்தொடங்கியது, கொல்லப்பட்டவர்களின் தீராத வழக்கிலிருந்துதான்.

நரகம் என்ற சொல்லும் அப்படித்தான். இயேசு சொன்ன 'கெஹென்னா' யெருசலேமுக்குத் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே பிள்ளைகள் நெருப்பில் பலியிடப்பட்டதை எரேமியா கண்டித்திருக்கிறார். அப்படியொன்றைக் கடவுள் நினைத்ததுகூட இல்லை என்கிறார். தண்டனைக்குரிய இடத்தின் பெயர், குழந்தைகள் எரிந்த இடத்தின் பெயர்.

லூக்கா பதினாறில் வரும் பணக்காரன் லாசரை அடித்தான், ஏசினான் என்று ஒரு வார்த்தையுமில்லை. அவன் வாசலில் லாசர் கிடந்தான், அவ்வளவே. மறுவுலகில் இருவருக்குமிடையில் காணப்படும் பெரும்பிளவு இவ்வுலகில் அந்த வாசற்படியில் விழுந்தது. கதையில் பிச்சைக்காரனுக்குப் பெயருண்டு, பணக்காரனுக்கு இல்லை. கொன்றவர்களை மட்டுமன்றி, கடந்துபோனவர்களையும் வேதாகமம் விசாரிக்கிறது.

எங்களை அதிகம் தொந்தரவு செய்வது திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரம். கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளையே கேட்கின்றன. வெள்ளையங்கி கொடுக்கப்படுகிறது, இன்னும் சிலர் கொல்லப்படும்வரை பொறுத்திருக்கச் சொல்லப்படுகிறது. கொடுமையான பதில். ஆனாலும் கேட்டது தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மோட்சத்தின் வாசல்வரை போனபின்பும் இறந்தவர்கள் வழக்கை விடவில்லை. உயிரோடிருக்கும் எங்களைப் பார்த்து, மறந்துவிடு என்று எந்தச் சுவாமியார் சொல்லமுடியும்?

இதில் எங்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. தனித்தீர்வைக்குப் பின் பொதுத்தீர்வை ஏன் என்று சின்ன வயதில் விளங்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் எல்லாப் புத்தகங்களும் திறக்கப்படுவதற்காகத்தான் அது. அங்கே நவாலி மட்டும் வாசிக்கப்படாது. மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களும், 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் அதே புத்தகத்தில் இருப்பார்கள். தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் திறக்கச் சொல்ல எந்தச் சனத்துக்கும் உரிமையில்லை.

வருகிற நவம்பர் 2இல், மரித்தோர் நாளில், பூசைக்குப் பெயர்கள் எழுதிக் கொடுக்கும்போது ஊரையும் திகதியையும் செத்த விதத்தையும் சேர்த்தெழுதுவோம். கடவுளுக்குத் தெரியும், உண்மைதான். வாசிப்பவருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது.