மேடில்லாத ஊரில் கால்வலி

ஆனைமலைக்கோ கழுகுமலைக்கோ ஒரு குழு கிளம்பினால், மூட்டுவலிக்காரர்கள் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றால் அந்த யோசனை வருவதில்லை. தட்டையான காடு. சீமைக்கருவேலத்துக்கு மேலே தெரிவது கோபுரமும் செல்போன் டவரும்தான். "வேன் வாசல்வரை போகும், எல்லா வயதினரும் வரலாம்" என்று வரலாற்று ஆர்வலர் குழு ஒன்று வாட்ஸ்அப்பில் அறிவித்ததும் இடங்கள் நிரம்பிவிட்டன. அப்போது மாசி மாதம்; வெயில் மெல்ல முறுக்கத் தொடங்கியிருந்தது.

மதுரையிலிருந்து தூத்துக்குடி நாற்கரச் சாலையில் போகையில், காரியாபட்டிக்கு முன்னால் ஆவியூர்ப் பக்கம் இருக்கிறது நாங்கள் முதலில் இறங்கிய குரண்டி. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. மதுரைச் சமணர் மலையிலும் கழுகுமலையிலும் உள்ள கல்வெட்டுகளில் குரண்டித் துறவியர் பெயரும் அவர்களுடைய மாணாக்கர் பெயரும் வருகின்றன. இங்கிருந்து கழுகுமலை 70 கிலோமீட்டருக்குக் குறையாது. வாகனம் ஏறக்கூடாது, செருப்புக் கூடாது என்ற நோன்போடு ஆசிரியரும் மாணாக்கரும் நடந்திருக்கிறார்கள். நம் பக்கத்தின் பழைய கல்விச் சுற்றுலா அதுதான் என்பேன். மழைக்காலத்தில் நான்கு மாதம் பயணத்தையே நிறுத்திவிட்டு ஓரிடத்தில் தங்கிவிடுவது சமணத் துறவியர் வழக்கம். பூச்சி புழுவை மிதித்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மழையில் கரிசல் சேற்றில் ஒருமுறை கால் வைத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தோன்றும்.

குரண்டியில் நாங்கள் நடந்தது சொற்பம். நின்றதுதான் அதிகம். பேச வந்த பேராசிரியர் நன்றாகப் பேசினார், நிறையவும் பேசினார். அரைமணி தாண்டியதும் கூட்டம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறத் தொடங்கியது. தினமும் ஜிம்முக்குப் போகிற இளைஞர் ஒருவர் முகம் வெளுத்து வேன் நிழலில் போய் உட்கார்ந்தார். "என்ன தம்பி, இதுக்கே இப்படியா?" என்று ஒரு பெரியவர் கேட்டதை நான் ரசிக்கவில்லை. நடக்கும்போது ஆடுசதை சுருங்கி விரிந்து காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் நின்றால் அது கீழேயே தேங்கும். வெயிலில் தோலின் ரத்தக்குழாய்களும் விரிந்துகொள்வதால் தலைக்குப் போவது இன்னும் குறையும். எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று கடைசிவரை தளராமல் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நிற்கிறார் என்றுதான் பார்த்தால் தெரியும். கவனித்தால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தார். "முப்பது வருசம் நின்னு பழகின காலு சார், சும்மா நிக்காது" என்றார். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து உடம்பை வெக்கைக்குப் பழக்குவது, பல் தேய்க்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவது: இந்த ஊருக்கு வேண்டிய பயிற்சி இவ்வளவுதான். மாடிப்படி ஏறிப் பழகியதெல்லாம் இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது நடை சாத்த நேரம் நெருங்கிவிட்டது. சுந்தரர் பாடிய தலம். நின்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. செருப்பைக் கழற்றிய கால்கள் கல்தரையில் நிற்க முடியாமல் நிழல் தேடி ஓடின. அந்த ஓட்டத்தில் கல்வெட்டை யார் பார்ப்பது?

பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்பது அங்கேதான் தெரியவந்தது. "குடிச்சா எங்க போறது, நீங்களே சொல்லுங்கண்ணே" என்று ஒரு டீச்சர் கேட்டபோது ஏற்பாட்டாளர் பதில் பேசவில்லை. ஒதுங்க இடம் எங்கே என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் பாதிப் பேருடைய தலைவலி வந்திருக்காது. உடல்தகுதி என்று பேசுகிறவர்கள் இதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் சுந்தர மந்திரம், ரமணர் 1879-இல் பிறந்த வீடு. தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்களில் சிலருக்கு எழுந்திருப்பதற்குத்தான் கை தேவைப்பட்டது. மதுரையில் படித்தபோது கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்று திரிந்த பையன் ரமணர். 1896-இல் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மாம்பழப்பட்டோடு ரயிலுக்கான காசு தீர்ந்துபோக, அரகண்டநல்லூர்க் கோயில்வரை பத்து மைல் நடந்தே போனார். ஞானம் பற்றிய நூல்களுக்கு நடுவே இந்தப் பத்து மைல் எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

மதுரையில் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, காலை நேரத்தில் குன்றுகளுக்கு நடக்கிறது. சமவெளிக்கு அந்த நேரக்கணக்கு இன்னும் பொருந்தும். திரும்பும் வழியில் காரியாபட்டி டீக்கடையில் இதைத்தான் பேசினோம். அடுத்த அறிவிப்பில் கிலோமீட்டரோடு நிற்கும் நேரம், வெறுங்காலில் இருக்கும் நேரம், கழிப்பறை உள்ள இடம் மூன்றையும் எழுதுவதாக ஏற்பாட்டாளர் ஒப்புக்கொண்டார். பேராசிரியரின் பேச்சை வேனில் போகும்போதே முடித்துவிடலாம் என்றார் டீச்சர். பேராசிரியருக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை.

"அப்ப மடக்கு ஸ்டூலாவது கொண்டு வாங்க சார்," என்றார் கண்டக்டர். "எனக்கில்ல, அந்தத் தம்பிக்கு."